இடது பக்கத் தாள்

ஸ்யாமளா சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: "பம்ப் ஸ்டவ் வெடித்தால் முன்னால் உட்கார்ந்திருப்பவளின் முகமும் மார்பும்தான் எரியும். உன் கதையில் வருகிறவளுக்கு முதுகு எரிந்திருக்கிறது. அது எப்படி?"

விடுதியின் பின்புறம் துவைகல்லில் உட்கார்ந்து தங்கப்பொண்ணு அதைப் படித்தாள். ஈரக்கை பட்டுத் தாளின் ஓரம் ஊறியது. நான்கு வருஷமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. ஏட்டையா கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்கவில்லை. மதுரையில் கோயில் பக்கம் வீடுள்ள, அடுப்படியில் ஒருநாள்கூடக் கையைச் சுட்டுக்கொண்டிராத இந்த ஸ்யாமளா கேட்டுவிட்டாள். அதுவும் அதை ஒரு கதையென்று நினைத்துக்கொண்டு.

நோட்டை மூடி நனையாத இடமாகப் பார்த்து வைத்தாள். வாளியிலிருந்த தாவணியை எடுத்துக் கல்லில் ஓங்கி அடித்தாள். அடிக்க அடிக்க அந்தச் சத்தம் வேறு ஒரு சத்தமாக மாறியது. கதவுப் பலகையை உள்ளேயிருந்து யாரோ தட்டுகிற மாதிரி. தாவணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் சேர்ந்த நான்கு பெண்கள் 1983 ஆடியில் தொடங்கியது அந்த நோட்டு. கோடு போடாத நீள நோட்டு. வலது பக்கம் எழுதுகிறவளுக்கு, இடது பக்கம் படிக்கிற மற்ற மூவருக்கு. இடது பக்கத்தில் கேள்வி மட்டும்தான் எழுதலாம்; பாராட்டும் கூடாது, திட்டும் கூடாது. கேள்விக்குப் பதிலை வாயால் சொல்லித் தப்பிக்கவும் கூடாது. திரும்ப எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். நோட்டு ஒருத்தியிடம் மூன்று நாளுக்கு மேல் சும்மா கிடக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அதைப் போட்டவள் சுந்தரம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். எதையும் முறையாகச் செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பட்டு என்பவளுக்கு அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. தேதி போடுவதும் பக்க எண் போடுவதும் அவள் வேலை.

தங்கப்பொண்ணு முதலில் எழுதியது, கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிப் புவிமகளைத் தழுவினான் என்று தொடங்கியது. சொந்த ஊரான சமயநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் அப்படி எழுதித்தான் பரிசு வாங்கியிருந்தாள். இடது பக்கத்தில் சுந்தரம்மாள், "சமயநல்லூரில் சூரியன் இப்படியா வருது?" என்று கேட்டிருந்தாள். தங்கப்பொண்ணுக்கு முகம் சிவந்துபோயிற்று. இரண்டு நாள் சுந்தரம்மாளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த வரியை அடித்துவிட்டு, "மில் சங்கு ஊதியது. அண்ணன் இன்னும் எழுந்திருக்கவில்லை. வீட்டில் யாரும் பாத்திரத்தைச் சத்தமாக வைக்கவில்லை" என்று எழுதினாள். எழுதி முடித்ததை வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்த்தாள். மனசில் வந்தது பயமா சந்தோஷமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த வரிக்கு, "ஏன் சத்தமாக வைக்கவில்லை?" என்று பட்டு கேட்டிருந்தாள்.

இப்படித்தான் கேள்வி கேள்வியாகக் கதை அவளை உள்ளே இழுத்தது. அண்ணன் அடிப்பான் என்பதால் சத்தமாக வைக்கவில்லை. யாரை அடிப்பான்? அவன் பெண்டாட்டியை. எதனால் அடிப்பான்? இடுப்பு வாரால், தேங்காய் மட்டையால், சில நாள் வெறுங்கையால். வெறுங்கையால் அடிக்கிற நாளில்தான் அதிகமாக அடிப்பான், ஏனென்றால் கை வலிப்பது அவனுக்குக் கோபத்தைக் கூட்டும். இதையெல்லாம் எழுதும்வரை தனக்கு இது தெரியும் என்பதே தங்கப்பொண்ணுக்குத் தெரியாது. அந்த மூன்று பேரும் கேட்டபிறகுதான், சொல்லித் தீர வேண்டிய அவ்வளவும் தன் கைக்குள் இருந்ததைக் கண்டாள். ஆனால் கதையின் முடிவில் மட்டும் ஸ்டவ் வெடித்தது. மூன்று தடவை திருப்பி எழுதியும் ஸ்டவ்தான் வெடித்தது.

ஏனென்றால் அதை அவள் ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கொடுத்திருந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. மதினி ஒச்சம்மாள் பெரியாஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்து, வாய் பேசாமல் மூன்றாம் நாள் செத்துப்போன பிறகு ஏட்டையா வீட்டுக்கு வந்தார். அண்ணன் மருது, தங்கச்சி நல்லா எழுதும், அது கையெழுத்தைப் பாருங்க என்று பெருமையாகச் சொல்லி அவளை முன்னால் தள்ளினான். மதினி சமைக்கும்போது ஸ்டவ் வெடித்தது, நான் அப்போது தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு முழுத்தாள் எழுதினாள். ஒரு அடித்தல் இல்லை. ஏட்டையா கையெழுத்தைப் பார்த்து, காலேஜு வரைக்கும் படிக்க வையப்பா என்றார். அண்ணனும் படிக்க வைத்தான்.

ஸ்யாமளாவின் கேள்வி வந்த வாரமே வீட்டிலிருந்து கடிதம் வந்தது. மருதுவுக்கு மறுகல்யாணம். பெண் ஆனையூர், பெயர் சோலையம்மாள், பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவள், தையல் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பரிசம். தங்கப்பொண்ணு வெள்ளிக்கிழமையே வந்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அன்று நோட்டு சுந்தரம்மாளிடம் இருந்தது. ஸ்யாமளா இன்னொரு சுற்றில், பொறுமை இழந்து, முன்பைவிடப் பெரிய எழுத்தில் கேட்டிருந்தாள்: "அண்ணன்தான் ஊற்றினான் என்று எழுத உனக்கு என்ன பயம்? அப்போது நீ எங்கே நின்றாய்?" நீ என்று அவள் கேட்டது கதையில் வருகிற தங்கச்சியைத்தான்.

தங்கப்பொண்ணு மத்தியானப் பஸ்ஸில் போய்விட்டாள். அரைமணி கழித்து மருது விடுதி வாசலுக்கு வந்தான். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு சொந்தக்காரருக்குப் பரிசத்துக்குச் சொல்லிவிட்டு, தங்கச்சியையும் கையோடு கூட்டிப்போகலாம் என்று வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, சிரித்த முகம். சுந்தரம்மாளுக்கு நோட்டின் மூன்று நாள் கெடு அன்றோடு முடிகிறது. தங்கப்பொண்ணு திரும்பிவரத் திங்கட்கிழமையாகும். ஆகவே நோட்டை ஒரு செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, இத அவகிட்டக் குடுத்துருங்கண்ணே. மறக்காம எழுதச் சொல்லுங்க."

எட்டாம் வகுப்பு வரை படித்தவன் மருது. பஸ்ஸில் வேடிக்கை பார்க்கச் சலித்து நூலை அவிழ்த்தான்.

அவன் வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. தங்கப்பொண்ணு முற்றத்தில் வெங்கலப் பானைக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகுதான் அக்குளில் நோட்டைப் பார்த்தாள்.

முதல் அடி காதில் விழுந்தது. பானை உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. காதுக்குள் மில் சங்கு மாதிரி ஒரு ஊதல் எழுந்து, அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் தூரத்திலிருந்து கேட்டது. முடியைப் பிடித்து முற்றத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனான். அவள் கால் பெருவிரல் நகம் கல்லில் பெயர்ந்தது. என்ன விசித்திரம் என்றால், அந்த நேரத்திலும் மனசின் ஒரு ஓரம் கணக்காகக் குறித்துக்கொண்டிருந்தது: முடியைப் பிடித்து இழுத்தால் வலி தலையில் இல்லை, கண்ணுக்குப் பின்னால். இதை நான் தவறாக எழுதியிருக்கிறேன். மதினிக்குத் தலை வலித்தது என்று எழுதியிருக்கிறேன்.

அடுப்படி வாசலில் அவளைப் போட்டு, நோட்டை விரித்து முகத்துக்கு நேரே பிடித்தான். அவன் படித்தது வலது பக்கத்தை அல்ல. இடது பக்கத்தை.

"எத்தன பேருடி விசாரிச்சிருக்காளுக. ஏட்டுகூட இம்புட்டுக் கேக்கல." சிவப்பு மையின் மேல் விரலை வைத்துத் தேய்த்தான். "இவ யாரு? என்னைய எங்க பாத்தா? ஊத்துனத இவ பாத்தாளா?"

"அது கதைண்ணே."

"கதைன்னா எதுக்குடி கேள்வி?"

அவன் வயிற்றில் மிதித்தான். இரண்டாவது மிதியில் அவளுக்கு மூச்சு நின்று, பிறகு எங்கிருந்தோ திரும்ப வந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். பரிசத்துக்கு வருகிறவர்களின் பெயரைக் குறிக்க வைத்திருந்த பேனா. நோட்டைத் தரையில் வைத்து அவள் கையில் பேனாவைத் திணித்தான். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே பதில் எழுது என்றான். எல்லாம் பொய், நானாகக் கட்டியது, எங்கண்ணன் நல்லவர் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. அதை அந்தப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்களிடமும் கையெழுத்து வாங்கி வா.

அவனுக்கு எழுத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தது. ஒரு தாள்தான் அவனைக் காப்பாற்றியிருந்தது.

தங்கப்பொண்ணு குனிந்தாள். பட்டு போட்டிருந்த பக்க எண்ணின் மேல் மூக்கிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் விழுந்தது. அவன் சொன்னதை எழுதத்தான் பேனாவைப் பிடித்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் தைரியசாலி அல்ல. ஆனால் கண்ணுக்கு நேரே சிவப்பு மையில் அந்தக் கேள்வி நின்றது. அப்போது நீ எங்கே நின்றாய்? அவள் தலைக்கு மேலே அடுப்படிக் கதவின் நாதாங்கி தொங்கிக்கொண்டிருந்தது. இதே இடத்தில்தான் நின்றிருந்தாள்.

எட்டு மாதமாகக் கேள்விக்குப் பதில் எழுதிப் பழகிய கை. "இங்கேதான். நாதாங்கியைப் போட்டது நான்" என்று எழுதிவிட்டது.

மருது அதை எழுத்துக் கூட்டிப் படித்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. ஏதோ வேலையை முடிக்கிறவன் மாதிரி அவள் வலது கையைப் பிடித்து, நிலைப்பலகைக்கும் கதவுக்கும் நடுவே வைத்து, கதவைக் காலால் உதைத்துச் சாத்தினான். ஒரு தடவை. பிறகு திறந்து, இன்னொரு தடவை.

நோட்டை முற்றத்தில் போட்டுக் கெரஸின் ஊற்றிக் கொளுத்தினான். எரிகிற தாள்கள் ஒன்றொன்றாகச் சுருண்டு திரும்பின. முன்பக்கமும் பின்பக்கமும். யாரும் கேட்டால் கதவில் நசுங்கிவிட்டது என்று சொல்லச் சொன்னான். அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அவன் சொல்லச் சொன்னவற்றில் முதன்முதலாக ஒன்று உண்மையாக இருந்தது.

அவன் குளிக்கப் போனதும் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். ரோட்டோர டாக்டர் நான்கு விரலையும் அட்டை வைத்துக் கட்டினார். எலும்பு எப்படிச் சேரும் என்று சொல்ல முடியாது என்றார். எதில் நசுங்கியது என்று கேட்டார். கதவில் என்றாள். வீட்டுக்குப் போகிற பாதையில் திரும்பாமல் மதுரைப் பஸ்ஸில் ஏறினாள்.

விடுதியில் சுந்தரம்மாள்தான் அவளை முதலில் பார்த்தாள். வீங்கிய கண்ணையும் கட்டையும் பார்த்துவிட்டு, நோட்டு எங்கே என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சுவரில் தன் தலையை முட்ட ஆரம்பித்தாள். ஸ்யாமளா அவளைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்; அப்போதுதான் நின்றது. நான் கதைன்னுதானேடீ நினைச்சேன் என்று ஸ்யாமளா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நால்வரும் புது நோட்டு ஒன்றை விரித்தார்கள். நாளைக்குப் பரிசம். ஆனையூர்ப் பெண்ணிடம் நேரில் போய்ச் சொல்லிவிடலாமே என்றாள் சுந்தரம்மாள். தங்கப்பொண்ணு தலையசைத்தாள். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் அவர்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றாள். எழுதிக் கொடுத்தால் அவள் கடைசி வரை படிக்க வேண்டியிருக்கும்.

அவள் சொல்லச் சொல்லப் பட்டு எழுதினாள். எரிந்துபோன நோட்டின் வரிகள் இவளுக்கு மறந்த இடங்களில் அவர்களுக்கு நினைவிருந்தன. இப்போது கேள்விகளை எழுத நேரமில்லை. நேருக்கு நேராகவே கேட்டார்கள். கேட்கும்போது யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன் குழம்பில் உப்புக் கரித்தது. அண்ணன் தட்டை வீசினான். மதினியை முடியைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப்போனான். அவன் அடிக்கும்போது தெருவுக்குச் சத்தம் கேட்காமல் கதவைச் சாத்துவது இவள் வேலை. மாடத்தில் விளக்கு வைக்கிற வேலை போல, தண்ணீர் பிடிக்கிற வேலை போல, அதுவும் ஒரு வேலையாக இருந்தது. அன்றைக்கு அண்ணன் உள்ளேயிருந்து சீக்கிரமே வெளியே வந்தான். கதவை இழுத்துச் சாத்தினான். நாதாங்கியப் போடு என்றான். போட்டாள். அதற்குப் பிறகுதான் விறகடுப்புத் தீ பற்றி உள்ளே வெளிச்சம் தெரிந்தது. மதினி கதவைத் தட்டினாள். ஏழு தட்டு. ஏழாவதுக்குப் பிறகு இவள் திறந்தாள். அண்ணன் கையோடு வெளியே கொண்டுவந்த ஸ்டவ்வை, வெடித்த மாதிரி இருக்க, கடப்பாரையால் நெளித்துக்கொண்டிருந்தான்.

பட்டுவின் பேனா நின்றது. ஸ்யாமளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மெதுவாக, ஆனால் விடாமல் கேட்டாள்.

"அவன் வெளியில வந்தப்ப அவன் மேல கெரஸின் வாடை அடிச்சிருக்கணுமே. அது உனக்கு எப்போ தெரிஞ்சுது? நாதாங்கி போடறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

சுந்தரம்மாள், போதும் விடு என்றாள். ஸ்யாமளா விடவில்லை.

நான்கு வருஷமாகத் தங்கப்பொண்ணு அந்த ஒரு நொடியைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள், கிணற்றைச் சுற்றி நடப்பது போல. எட்டிப் பார்த்ததில்லை. அண்ணனைக் குற்றவாளி என்று எழுதத்தான் பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்தப் பயம் அல்ல இது.

"முன்னால" என்றாள். "வாடை முன்னாலயே அடிச்சுச்சு. அடிச்சது தெரிஞ்சுதான் போட்டேன்."

பட்டு அதை எழுதினாள். எழுதும்போது அவள் அச்செழுத்து முதல்முறையாகக் கோணிப்போயிற்று.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தங்கப்பொண்ணும் ஸ்யாமளாவும் ஆனையூர் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் பந்தல், சாணி தெளித்த தரை இன்னும் ஈரம். பெண்ணின் தகப்பன் மலைச்சாமி, மாப்பிள்ளையின் தங்கச்சி என்றதும் வா தாயி என்று பாய் விரித்தார். கட்டைப் பார்த்துக் கை என்னாச்சு என்றார். கதவுல நசுங்கிருச்சு மாமா என்றாள். சோலையம்மாள் புதுப்புடவையில் வந்து நின்றாள். தங்கப்பொண்ணு நோட்டை இடது கையால் நீட்டி, இதைப் படி என்று மட்டும் சொன்னாள்.

சோலையம்மாள் நின்றபடியே படித்தாள். தையல்காரி, விரல் வரியின் கீழே ஊசி போல ஊர்ந்தது. அடுக்களையில் வடை சுடுகிற சத்தம் கேட்டது. மலைச்சாமி, என்ன எழுதியிருக்கு, பாட்டா என்று சிரித்தார். கடைசிப் பக்கத்தைத் திரும்ப ஒருமுறை படித்தாள். பிறகு கேட்டாள்.

"இந்தப் பக்கம் பூராம் ஏன் வெறுமனே கெடக்கு?"

"படிக்கிறவுக கேள்வி எழுதுறதுக்கு" என்றாள் தங்கப்பொண்ணு.

சோலையம்மாள் அலமாரியிலிருந்து, துணியில் அளவு குறிக்கிற பென்சிலை எடுத்தாள். தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க, வாயால் கேட்க முடியாததை இடது பக்கத்தில் எழுதினாள்: "இதை போலீசில் சொல்லியாச்சா?" நோட்டை நீட்டினாள். தங்கப்பொண்ணு பென்சிலை இடது கையால் பிடித்து, பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி, "இன்னைக்கு" என்று எழுதினாள். அந்த ஐந்து எழுத்துக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

சோலையம்மாள் தகப்பனிடம் திரும்பி, தட்டு மாத்த வேண்டாம்ப்பா, இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றாள். மலைச்சாமி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. பந்தல் போட்ட வாசலைப் பார்த்தார், கையை ஓங்கி மகளை அறைந்துவிட்டார். வளையல் ஒன்று உடைந்து பாயில் விழுந்தது. அவள் கன்னத்தைத் தொடவில்லை. அடிச்சுக்கங்க, வேண்டாம்னா வேண்டாம்தான் என்றாள். பிறகு நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தை விரித்து அவர் கையில் கொடுத்து, எழுத்துக் கூட்டிப் படிங்க என்றாள். அவர் நின்றபடியே படித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

மருதுவின் ஆட்கள் வருவதற்குள் இருவரும் பின்வாசல் வழியாக ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தார்கள். நாதாங்கி போட்டதற்கு உன்னையும் பிடிப்பார்களோ என்று ஸ்யாமளா பஸ்ஸில் கேட்டாள். பிடிக்கலாம் என்றாள் தங்கப்பொண்ணு. ஜன்னல் வழியாக வெயிலில் காய்கிற வயல்களைப் பார்த்தாள். நான்கு வருஷத்தில் முதல்முறையாக, காதுக்குள் யாரும் கதவைத் தட்டவில்லை.

ஸ்டேஷனில் வேறு ஒரு ஏட்டையா இருந்தார். பழைய விஷயம், ஸ்டவ் கேஸ், ஏற்கெனவே நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று அவள் சொன்னதும் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வீங்கிய கண்ணில் சற்று நேரம் அவர் பார்வை நின்றது. கட்டுப் போட்ட கையைக் காட்டி, யாரையாவது எழுதச் சொல்லு என்றார். ஸ்யாமளா பேனாவைத் திறந்தாள். தங்கப்பொண்ணு அதை வாங்கிக்கொண்டாள்.

"நானே எழுதுறேன். நேரமாகும்."

அவர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். அவள் அதை நடுவில் மடித்துப் பிரித்தாள். பாதியை விட்டுவிட்டு, மடிப்புக்கு வலது பக்கம் மட்டும் எழுதத் தொடங்கினாள். இடது கை எழுத்து கோணலும் மாணலுமாகக் கீழே இறங்கியது. ஏட்டையா சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, தாளை ஏன் இப்படிப் பாதி வீணாக்குகிறாய் என்று கேட்டார்.

தங்கப்பொண்ணு தலை நிமிரவில்லை.

"அது ஒங்களுக்கு" என்றாள். "படிச்சுட்டுக் கேளுங்க."